தாத்தா காரில் பேரப்பிள்ளையின் இருக்கை

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கான கார் இருக்கைக்கு ஒரே ஒரு வேலைதான். கார் எதன்மீதாவது மோதினால், குழந்தையின் உடலை இறுகப் பிடித்துக் காரோடு சேர்ந்து நிற்கச் செய்ய வேண்டும். தூங்க வைப்பது, சாய்ந்து உட்கார வைப்பது, ஜன்னல் வழியே வேடிக்கை காட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கடையில் விற்பவர் பேசுவது பெரும்பாலும் இந்தப் பிற்பாதியைப் பற்றியே.

பெற்றோரின் காருக்கு இருக்கை வாங்குவதும் தாத்தா பாட்டியின் காருக்கு வாங்குவதும் ஒரே கணக்கில் வராது. தாத்தாவின் கார் பெரும்பாலும் சிறியது, சில ஆண்டுகள் பழையது, இரண்டு பெரியவர்கள் போய்வர வாங்கப்பட்டது. குழந்தை அதில் எப்போதாவதுதான் ஏறும். பூட்டும் கைகளுக்கு வயதாகியிருக்கும். கோலார் தங்கவயலில், குறிப்பாகச் சாம்பியன் ரீப்ஸ் போன்ற பழைய சுரங்கக் குடியிருப்புகளில், இந்த நிலைமையை அடிக்கடி காணலாம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்களை மூடிய பிறகு, அடுத்த தலைமுறையின் வேலை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போய்விட்டது. மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிப் போய்வருபவர்கள் ஒரு பக்கம். அங்கேயே குடியேறி, லீவு நாட்களில் பிள்ளையைத் தாத்தா வீட்டுக்கு அழைத்து வருபவர்கள் இன்னொரு பக்கம்.

அந்தக் கார் போகும் சாலைகளும் இரண்டு வகை. சாம்பியன் ரீப்ஸிலிருந்து ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போகும் வழியில் வேகம் 40-ஐத் தாண்டுவது அரிது. அதே கார் பேத்தமங்கலா பக்கம் திரும்பினால் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை. அதன் கர்நாடகப் பகுதியில் 2024 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. இத்தகைய சாலைகளில் கார்களுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். கடைத்தெருவை மட்டும் மனதில் வைத்து இருக்கை தேர்ந்தெடுப்பது சரிவராது.

மோதலில் என்ன நடக்கிறது என்பதைச் சுரங்கத்து ஆட்களுக்கு விளக்குவது எளிது. சாம்பியன் ரீப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது பேர் பெற்றிருந்தது. ஆட்களை ஏற்றிய கூண்டு கம்பி வடத்தில் விரைந்து இறங்கும். அந்த வேகத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இயந்திரத்தை ஓட்டுபவர் நிறுத்துமிடம் வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார். நிற்பதற்கு எவ்வளவு தூரமும் நேரமும் கிடைக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் இதுவே. 50-இல் போகும் கார் சுவரில் மோதினால், அதன் முன்பகுதி நசுங்கி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. காரோடு கட்டப்பட்ட உடலுக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கு நேரம் கிடைக்கும். கட்டப்படாத உடல் 50-இலேயே முன்னே பாய்ந்து, ஏற்கெனவே நின்றுவிட்ட டாஷ்போர்டிலோ முன் சீட்டின் முதுகிலோ அடிபட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்கிறது.

மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 12 கிலோ குழந்தையை அந்த நேரத்துக்குள் நிறுத்த, அதன் எடையைப் போல 14 மடங்கு விசை வேண்டும். கிட்டத்தட்ட 170 கிலோ மூட்டையைத் தாங்குவதற்குச் சமம். எந்தப் பாட்டியின் கையாலும் அது ஆகாது. கையில் வலு இல்லை என்பதும் காரணமல்ல. பளு தூக்கும் வீரராலும் ஆகாது. பாட்டியும் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முன்னே பாயும் 60 கிலோ உடலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் குழந்தை அகப்பட்டுக்கொள்ளும். தன் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வது அதைவிடக் கெடுதல்.

வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் 40 மீட்டர் உயர வீழ்ச்சிக்குச் சமம். இருக்கைகளுக்கான ஐரோப்பிய முன்மோதல் சோதனை மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில்தான் நடக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 100-இல் போகும் கார் பெரும்பாலும் பிரேக் பிடித்து வேகம் குறைந்த பிறகே மோதுகிறது. எதிரில் இருப்பது அசையாத சுவராகவும் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே அந்தச் சோதனை வீணான அளவுகோல் அல்ல. ஆனாலும் வண்டி ஓட்டுபவரின் கால் செய்ய வேண்டிய வேலையை எந்த இருக்கையும் செய்துவிடாது.

குழந்தைக்குப் பெரியவரின் பெல்ட் ஏன் போதாது என்பதற்கு விடை எலும்பில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை. இரண்டு வயதில் அது ஐந்தில் ஒரு பங்கு. பெரியவர்களில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. இந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் அந்த வயதில் முழு எலும்பாகவே ஆகியிருக்காது. ஒவ்வொரு முள்ளெலும்பும் குருத்தெலும்பால் ஒட்டிய துண்டுகளாக இருந்து, மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள்தான் ஒன்றாகக் கூடும். கழுத்துத் தசைகளும் வலுவற்றவை. உடலைப் பெல்ட் பிடித்து நிறுத்த, தலை மட்டும் முன்னே வீசப்பட்டால், இழுபடுவது அந்தக் குருத்தெலும்பும் அதற்குள் ஓடும் தண்டுவடமும்தான். இடுப்பிலும் இதே கதை. பெரியவருக்கு மடிப்பெல்ட் நழுவாமல் இருப்பது இடுப்பெலும்பின் முன்முனை அதைக் கொக்கி போலப் பிடித்துக்கொள்வதால். அந்த முனை சின்னக் குழந்தைக்கு இன்னும் எழும்பியிருக்காது. பெல்ட் மேலே வழுக்கி மெத்தென்ற வயிற்றுக்குள் இறங்கும். குடலும் ஈரலும் அடிவாங்கும்.

இதற்குக் கண்ட தீர்வுதான் குழந்தையைக் காரின் பின்புறம் பார்க்க உட்கார வைப்பது. சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகுப்புறமாகச் சாய்ந்து விசையைத் தாங்குவதைக் கவனித்து, அதே முறையில் 1964-இல் குழந்தை இருக்கையின் முதல் மாதிரியை வடிவமைத்தார். முன்மோதலில் குழந்தையின் முதுகு, கழுத்து, தலை மூன்றும் ஒருசேர இருக்கையின் ஓட்டுக்குள் அழுந்துகின்றன. விசை முதுகுப் பரப்பு முழுவதும் பரவுகிறது. கழுத்து மட்டும் தனியே இழுபடுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-இல் தன் பரிந்துரையை மாற்றி, இத்தனை வயது என்று கணக்கு வைக்காமல், இருக்கை அனுமதிக்கும் எடை அல்லது உயர வரம்பு வரை பின்புறம் பார்த்தே உட்கார வைக்கச் சொன்னது. ஐரோப்பாவின் ஐ-சைஸ் விதியில் குறைந்தது 15 மாதம் வரை அது கட்டாயம். கால் மடங்கி உட்கார்ந்தால் குழந்தைக்கு வலிக்குமே என்று தாத்தாக்கள் கவலைப்படுவது வழக்கம். குழந்தைகள் சப்பணமிட்டு உட்கார்வதை விரும்புகிறவர்கள். அந்தக் கவலை தேவையில்லை.

தேர்வின் முதல் படி, எனவே, குழந்தையின் எடை. பழைய ஐரோப்பிய விதியான ஆர் 44, இருக்கைகளை எடையால் பிரிக்கிறது: 13 கிலோ வரை ஒரு வகை, 9 முதல் 18 வரை இன்னொன்று, 15-இலிருந்து 36 வரை அதற்கு மேற்பட்டவை. இந்தியாவின் ஏஐஎஸ் 072 தரமும் இந்த வழியில் வந்ததே. நம் கடைகளில் அதிகம் கிடைப்பது 0 முதல் 18 கிலோ வரைக்கும் ஆகும் இரட்டை வகை. தொடக்கத்தில் பின்புறம் பார்த்தும், பிறகு முன்புறம் திருப்பியும் பொருத்தலாம். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சராசரியாகப் 12 கிலோ இருக்கும் என்பதால், 13 கிலோவில் நின்றுவிடும் கூடை வகையைத் தாத்தா காருக்கென்று புதிதாக வாங்குவது சில மாதங்களுக்கு மட்டுமே உதவும். பிறந்ததிலிருந்து 36 கிலோ வரை என்று விற்கப்படும் ‘எல்லாம் ஒன்றில்’ இருக்கைகள் கேட்க லாபமாகத் தோன்றும். ஆனால் அவை அளவில் பெரியவை; சிறிய காரில் அவற்றைப் பின்புறம் பார்க்கப் பொருத்தினால் முன் சீட்டை நகர்த்த இடமிருக்காது.

அங்கீகாரம் பெற்ற இருக்கையின் ஓட்டில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆர் 44 என்றால் ஆரஞ்சு நிறச் சீட்டு; வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் அனுமதி தந்த நாட்டின் எண், எடை வரம்பு. அது இல்லாத இருக்கையைப் பற்றி மேற்கொண்டு பேசத் தேவையில்லை. துணியும் பஞ்சும் வைத்துத் தைத்து, காரின் சீட்டில் வாரால் கட்டிக்கொள்ளும் மெத்தை போன்ற ஒன்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறது. அதில் ஓடும் இல்லை, விசையைத் தாங்கும் சட்டமும் இல்லை. அதைக் கார் இருக்கை என்று அழைப்பதே தவறு.

அடுத்தது கார். விலை உயர்ந்த இருக்கைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் பின் சீட்டின் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். தோளும் மடியும் சேர்ந்த மும்முனைப் பெல்ட் இரண்டு ஓரங்களிலும் இருக்கலாம். நடுவில் வெறும் மடிப்பெல்ட் மட்டுமே இருக்கும் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. நடு இடம் கதவுகளிலிருந்து விலகியிருப்பதால் பாதுகாப்பானது என்று நூல்கள் சொல்வது உண்மைதான். ஆனால் மடிப்பெல்ட்டில் பெரும்பாலான இருக்கைகளைப் பொருத்த அனுமதி இல்லை. அப்போது ஓரம்தான் சரி. ஏறி இறங்கும்போது சாலைப் பக்கம் நிற்க வேண்டியிராத இடது ஓரம் வசதியானது.

பிறகு பெல்ட்டின் நீளம். பின்புறம் பார்க்கும் இருக்கையில் பெல்ட் மடிப்பகுதியில் ஒரு சுற்றும், முதுகோட்டின் பின்னால் இன்னொரு சுற்றும் போக வேண்டியிருக்கும். சிறிய கார்களில் பக்கிளை எட்ட நாலு விரல் கடை குறைவதுண்டு. கடையில் அட்டைப் பெட்டியைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. காரையே கடைக்கு ஓட்டிப்போய்ப் பொருத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பெல்ட் பூட்டும் விதமும் குழப்பம் தரக்கூடியது. வெடுக்கென்று இழுத்தால் நிற்கும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும் பெல்ட்தான் இங்குள்ள கார்களில் வழக்கம். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு, உள்ளே போக மட்டுமே செய்யும். அந்த நாட்டுக் காணொளிகளில் ‘முழுவதும் இழுத்து விடுங்கள்’ என்று சொல்வதைக் கேட்டு இங்கே செய்தால், இருக்கை இறுகாது. நம் பெல்ட்டுக்கு, வாரைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருக்கையிலேயே அமைந்திருக்க வேண்டும்.

ஐசோபிக்ஸ் இந்தச் சிக்கலைத் தவிர்க்க வந்த ஏற்பாடு. சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில், 6 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு எஃகுக் கம்பிகள் காரின் உடற்சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இருக்கையின் கொக்கிகள் அவற்றில் ‘டக்’கென்று விழுந்து பூட்டிக்கொள்ளும். தலைப்பகுதி முன்னே கவிழாமலிருக்க மூன்றாவதாக ஒரு மேல் வாரோ, தரையில் ஊன்றும் காலோ இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பல தாத்தாக்களின் காரில் இந்தக் கம்பிகள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கார் வாங்கிய வாரமே தைத்துப் போட்ட தடித்த ரெக்சின் சீட் கவர் இடுக்கை முழுவதும் மூடியிருக்கும். கவரைக் கழற்றி இடுக்கில் விரல்விட்டுத் துழாவினால் கம்பி தட்டுப்படும். கவரோடு சேர்த்துப் பொருத்துவதும் கூடாது. வழவழப்பான ரெக்சின்மேல் இருக்கை வழுக்கும், அடியிலுள்ள பஞ்சு மோதலில் நசுங்கிப் பெல்ட்டைத் தளர்த்தும். டவல், தலையணை வைத்து உயரம் சரிசெய்வதும் இதே காரணத்தால் தவறு.

கம்பிகள் இல்லாத பழைய கார் என்றால் மனம் தளர வேண்டியதில்லை. பெல்ட்டால் ஒழுங்காகப் பொருத்திய இருக்கையும் அதே 50 கிலோமீட்டர் சோதனையில் தேறியதுதான். ஐசோபிக்ஸின் பெரிய நன்மை, தப்பாகப் பொருத்துவது அதில் கடினம் என்பதே. எந்த இடத்தில் எந்த வகை இருக்கை ஆகும் என்ற அட்டவணை காரின் கையேட்டிலும் இருக்கும். டாஷ்போர்டு அறையில் பிரிக்கப்படாமலே கிடக்கும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டுவது நல்லது. பழைய காரை மாற்றும் எண்ணம் இருந்தால் பாரத் என்கேப் மதிப்பீட்டையும் பார்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தில், 18 மாதம், 3 வயது அளவுள்ள பொம்மைகளைப் பின் சீட்டில் வைத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு, குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம் தருகிறார்கள்.

பொருத்திய பிறகு செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையை ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் மறுபடி கழற்றி மாட்ட வேண்டியதுதான். இருக்கையின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது தவறான சோதனை. அது எப்போதும் கொஞ்சம் ஆடும்.

மூன்றாவது, கைகள். இருக்கையின் ஐந்து வார்களும் கூடும் பக்கிளைக் குழந்தை தானே திறந்துவிடக் கூடாது என்பதற்காக, அதன் பொத்தானை அழுத்த 4 முதல் 8 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும் என்று ஐரோப்பிய விதி வைத்திருக்கிறது. மூட்டு தேய்ந்த கட்டைவிரலுக்கு அது சிரமம். வாங்கும் நாளில் பெற்றோர் அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை. பாட்டி அழுத்திப் பார்க்க வேண்டும், பத்து முறையாவது. வாரை இறுக்கும் நாடா முன்பக்கம் ஒரே இழுப்பில் வருகிறதா, குழந்தை வளர வளரத் தோள் வாரின் உயரத்தைப் பின்னால் கழற்றாமலே மாற்ற முடிகிறதா என்பதும் அவர் கையால் பார்க்க வேண்டியவை. இந்த விஷயத்தில் விலையை விட இந்த எளிமைக்கே முதலிடம் தரலாம்.

தாத்தா பாட்டிகளின் வண்டி ஓட்டும் திறமையைப் பற்றி வீடுகளில் எழும் கேலிக்கு அறிவியல் ஆதரவு தரவில்லை. அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை 15 மாநிலங்களில் விபத்துக்குள்ளான சுமார் 12,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. பெற்றோர் ஓட்டிய காரில் இருந்த குழந்தைகளில் 1.05 விழுக்காட்டினர் காயமடைந்தனர். தாத்தா பாட்டி ஓட்டிய காரில் 0.70 விழுக்காட்டினர்தான். மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது ஆபத்து பாதியாக இருந்தது. ஆனால் இருக்கையைச் சரியாகப் பயன்படுத்துவதில் மட்டும் தாத்தா பாட்டிகள் சற்றுப் பின்தங்கியிருந்தனர். நிதானம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பூட்டும் பழக்கம்தான் கூட வேண்டும்.

அந்தப் பழக்கத்தில் முக்கியமானது வாரின் இறுக்கம். தோள்பட்டைக்கு அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு விழக் கூடாது. விழுந்தால் தளர்வு. பின்புறம் பார்க்கும்போது வார் தோளின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்புறம் பார்க்கும்போது தோளின் உயரத்திலோ சற்று மேலேயோ. தங்கவயல் கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். மார்கழி, தை மாதக் காலைகளில் பாட்டி பின்னிய தடித்த ஸ்வெட்டர் இல்லாமல் பிள்ளையை வெளியே எடுக்க மாட்டார்கள். ஸ்வெட்டருக்கு மேல் வாரை இறுக்கினால் கைக்கு இறுக்கமாகத் தெரியும். மோதலில் கம்பளி அமுங்க, வார் இரண்டு மூன்று விரற்கடை தளர்ந்துபோகும். ஸ்வெட்டரைக் கழற்றி, வாரைப் பூட்டி, அதற்கு மேல் போர்வையைப் போர்த்துவதே முறை. வெயில் காலத்தில் வேறு பிரச்சினை: நிறுத்தி வைத்த காரில் பக்கிளின் உலோகம் சுடும். குழந்தையை உட்கார வைக்குமுன் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பின்புறம் பார்க்கும் இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது. பை விரியும் வேகத்தில், அது இருக்கையின் முதுகோட்டில், அதாவது குழந்தையின் தலைக்கு நேர் பின்னால், அறையும். இதற்கு விதிவிலக்கில்லை.

ஒரே இருக்கையைப் பெங்களூர் காருக்கும் தாத்தா காருக்கும் மாற்றி மாற்றி வைப்பதா, இன்னொன்று வாங்குவதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். மாதம் ஒருமுறை குழந்தை வருமென்றால் மாற்றிக்கொள்ளலாம்; பொருத்தத் தெரிந்தவர் கூடவே வருவார். வாரந்தோறும் வருமென்றால், அல்லது தாத்தா வீட்டிலேயே வளருமென்றால், சாதாரண விலையில் அங்கீகாரம் பெற்ற இரண்டாவது இருக்கையை வாங்கி, சரியாகப் பொருத்தி, அங்கேயே விட்டுவிடுவது மேல். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஒரு தவறுக்கு இடமுண்டு. உறவினர் தரும் பழைய இருக்கையை, அது எந்த விபத்திலும் சிக்கியதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஏற்கலாம்; அடிபட்ட ஓட்டின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியையும் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும் தன்மையடைவதால், தயாரிப்பாளர்கள் அதற்கொரு காலக்கெடு வைக்கிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். ரயில் நிலையத்திலிருந்து ஸ்கூட்டரில் அழைத்து வருபவர்களுக்கும் விதி உண்டு: 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் வாரும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

குழந்தை ஊருக்குத் திரும்பிப் போன பிறகு காலி இருக்கை காரிலேயே இருக்கும். அதையும் பெல்ட்டாலோ கொக்கியாலோ பூட்டியே வைக்க வேண்டும், இல்லையென்றால் டிக்கியில் போட வேண்டும். 7 கிலோ எடையுள்ள ஓர் இருக்கை, 50 கிலோமீட்டர் வேக மோதலில் ஏறக்குறைய 100 கிலோ பாரமாகி முன் சீட்டின் மேல் வந்து விழும்.